பூவை விடு, எலும்பைப் பார்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. "நியாண்டர்தால் மனிதர்களே செத்தவர்களுக்குப் பூப்போட்டிருக்கிறார்கள். அப்படியானால் சாமியும் மறுவுலகமும் அப்போதே வந்துவிட்டன, இல்லையா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி கேட்கிற சாக்கில் பதிலையும் நீயே எழுதிவிட்டாய். துப்பறியும் கதையில் நாலு பக்கம் புரட்டியதும் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுகிற பிள்ளை நீ. நீ சொல்கிற பூக்கதை பிறந்த ஷானிதர் குகை விஷயத்தில் அந்த அவசரம் ஆகாது.

முதலில் நடந்ததைக் கேள். அந்தக் குகை இராக்கின் குர்திஸ்தான் மலைப்பகுதியில் இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் ரால்ஃப் சொலெக்கி 1951 முதல் 1960 வரை பல தவணைகளில் அங்கே தோண்டினார். அவர் தோண்டியதில் மொத்தம் பத்து நியாண்டர்தால்களின் எலும்புகள் கிடைத்தன. அதில் நான்காவது ஆளைச் சுற்றியிருந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து ஆர்லெட் லெருவா-குரான் என்ற பிரெஞ்சு மகரந்த நிபுணர் சோதித்தார். மகரந்தம் உதிரியாக இல்லை, சில இடங்களில் கட்டி கட்டியாக இருந்தது. காற்று அடித்துக்கொண்டு வந்திருந்தால் அப்படிச் சேர்ந்திருக்காது, முழுப் பூவாகவே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். எஃபிட்ரா, ஹாலிஹாக் போன்ற மருந்துச் செடிகளும் அதில் இருந்ததால், செத்தவர் வைத்தியராகக்கூட இருந்திருக்கலாம் என்று சொலெக்கி எழுதினார். 1971-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே இவர்களை 'முதல் மலர் மக்கள்' என்றது.

இந்தக் கதை உனக்கு ஏன் சட்டென்று பிடித்துப்போனது என்று தெரியும். நம் ஊரில் மாலை இல்லாமல் பாடை கிளம்பாது. பிணத்தின் பக்கத்தில் மகரந்தம் என்றதும் உன் மனசு சம்பங்கி மாலையைக் கட்டத் தொடங்கிவிட்டது. எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர் கழுத்தில் அதைப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறு.

1999-இல் ஜெஃப்ரி சோமர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அந்தப் பக்கத்தில் எலியைப் போன்ற ஒரு பிராணி உண்டு. பூக்களைக் கொய்து வளைக்குள் சேர்த்துவைக்கும். குகை மண்ணில் அப்படிப்பட்ட வளைகள் இருந்ததைச் சொலெக்கியே குறித்திருக்கிறார். பிறகு 2023-இல் கிறிஸ் ஹன்ட் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: அந்த மண்ணில் இருந்த செடிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பூப்பவை அல்ல. ஒரே நாளில் பறித்து ஒரே பிணத்துக்குப் போட்டிருக்க முடியாது. கூட்டமாக வாழாமல் மண்ணில் வளை தோண்டி, உள்ளே மகரந்தத்தைச் சேர்க்கும் தேனீக்கள் உண்டு. பெரும்பாலும் அவற்றின் வேலைதான் அது என்கிறார்கள்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்றும் தெரியும். "அப்போ எல்லாமே கட்டுக்கதை, நியாண்டர்தால்கள் வெறும் மிருகங்கள்" என்று மறுகோடிக்கு ஓடுவாய். ஓடாதே, உட்கார். பூ போனதால் எலும்பு போய்விடவில்லை.

அதே குகையில் கிடைத்த முதல் ஆளைப் பார். ஷானிதர் 1 என்று பெயர். சின்ன வயதிலேயே முகத்தில் பலமான அடி, இடது கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வலது கை சூம்பிப்போய், முழங்கைக்குக் கீழே இல்லை. கால் நொண்டி. காதுத் துவாரத்தில் எலும்பு வளர்ந்து கேள்வியும் மந்தம். அந்த அடி பட்டு ஆறிப்போன எலும்போடு அவர் பல வருஷம் இருந்திருக்கிறார். நாற்பதை ஒட்டிய வயதில்தான் செத்தார், அவர்களில் அது முதுமை. வேட்டையாடிச் சாப்பிடுகிற கூட்டத்தில் இப்படிப்பட்டவர் அத்தனை காலம் உயிரோடிருக்க யாராவது சோறு போட்டிருக்க வேண்டாமா? எனக்கு இந்த ஒரு எலும்புக்கூடு நூறு பூக்கூடைக்குச் சமம்.

இன்னொன்றும் இருக்கிறது. நான்காவது ஆளைச் சொலெக்கி மண்ணோடு சேர்த்துக் கட்டியாக வெட்டி, காரின் மேல் கட்டி பாக்தாத்துக்கு அனுப்பினார். பிரித்துப் பார்த்தபோது அந்தக் கட்டிக்குள் இன்னும் சிலரின் எலும்புகள் இருந்தன. கிரேம் பார்க்கர் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழு அங்கே மறுபடி தோண்டியபோது, 2018-இல் அதே இடத்தை ஒட்டி ஒரு மண்டையோடு கிடைத்தது. சுமார் 75,000 வருஷம் பழசு. நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகியிருந்தது. தொட்டால் உதிரும் எலும்பைப் பசையூற்றிக் கெட்டிப்படுத்தி எடுத்து, இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டினார்கள். நாற்பதுகளில் இருந்த பெண்ணாக இருக்க வேண்டும். இடது கை தலைக்கடியில் மடங்கியிருந்தது. இவர்கள் எல்லோரும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒரு பாறையின் பின்னால் கிடந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தவர்கள் அல்ல, வெவ்வேறு சமயங்களில் வைக்கப்பட்டவர்கள்.

"நாற்றத்துக்குப் பயந்து ஒதுக்குப்புறமாகத் தள்ளியிருப்பார்கள்" என்பாய். அப்படியானால் குகைக்கு வெளியே மலைச்சரிவில் உருட்டிவிட்டிருக்கலாமே. அவர்கள் புழங்கிய இடமே அந்தக் குகைதான். காட்டுப் பயறுகளை ஊறவைத்து இடித்துச் சமைத்த உணவின் கரிந்த துணுக்குகள் நியாண்டர்தால் அடுக்கிலேயே கிடைத்திருக்கின்றன. சாப்பிட்ட இடத்துக்கு அருகிலேயே, அந்தப் பாறையைத் தேடித் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

சாமி கும்பிட்டார்களா, செத்தவர் எங்கோ போகிறார் என்று நம்பினார்களா? அதற்கு அந்தக் குகையில் சான்று இல்லை, இருப்பதுபோல நான் உனக்குச் சொல்லவும் மாட்டேன். செத்த பிறகும் அவர் தங்களுடைய ஆள்தான், அவருக்கு ஒரு இடம் உண்டு என்று நினைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் நான் துணிந்து வருவேன். மதம் என்று நீ தேடுகிற எல்லாமே இதற்குப் பின்னால் வந்தவை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கடிதத்தில் துருக்கியின் கோபெக்லி தெபே தூண்களைப் பற்றிக் கேட்பாய். கேள், ஆசையாகச் சொல்கிறேன். ஆனால் வேற்றுக்கிரகவாசிகள் நட்டார்கள் என்ற வீடியோவை இணைத்து அனுப்பினால் உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்