பிறேக் எழுப்பும் ஒலியும் அதன் காரணமும்

பழைய மாணவர் தத்தம் தொழில் பற்றிப் பயன்படும் பொருளொன்றை எழுதுதல் வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். பொறியியற்றுறையிற் காலங் கழித்த யான், நம்மிற் பலர் வீட்டு வாயிலில் நிற்கும் காரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அதனினும் சிறப்பாக, பிறேக்கை மிதிக்குங்கால் எழும் அரைக்கும் ஒலி பற்றியே ஈண்டு கூறப்புகுகின்றேன். அவ்வொலியைப் பொருட்படுத்தாது விட்ட பிழையை யானும் செய்தவன்.

பிறேக்கின் தொழில் யாது? வண்டியின் இயக்கசக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுதலே. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுங்கால் அதன் இயக்கசக்தி ஏறக்குறைய 1,39,000 யூல். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 63 பாகை வரை சூடாக்க இது போதும். அதே கார் நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குங்கால், ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் 98 இலட்சம் யூல் எங்கேனும் செலவாதல் வேண்டும். அஃது அவ்வேகத்தில் எழுபது முறை நிறுத்துவதற்கு ஒப்பாகும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது பிறேக்கின் தலையிலேயே விழும்.

சில ஆண்டுகளின் முன் அவ்வழியே குடும்பத்துடன் இறங்கினேன். முன் இடச் சில்லில் இரு கிழமையாகக் 'கரகர' என்னும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. மழைக்கால மணலென்று எண்ணியிருந்தேன். பாதிவழியில் மிதிகட்டை பஞ்சுபோல் அமிழ்ந்தது. முதலாங் கியருக்கு மாற்றி, கைப்பிறேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினேன். பின்னிருக்கையில் உறங்கிய பிள்ளைகள் விழிக்கவேயில்லை. என் கைகள் மட்டும் வெகுநேரம் நடுங்கின.

சில்லைக் கழற்றிப் பார்த்தபோது வெளிப்புறப் பாட் பாதி தேய்ந்திருந்தது. உட்புறப் பாட்டிலோ உராய்பொருள் முற்றுந் தீர்ந்து, அதன் உருக்குத் தகடே டிஸ்க்கை அரைத்திருந்தது. ஒன்று தேய ஒன்று எஞ்சியதேன்? இவ்வகைப் பிறேக்கில் பிஸ்டன் உட்புறப் பாட்டை நேரே தள்ளும். அதன் எதிர்விசையாற் கலிப்பர் தன் ஊசிகளில் வழுக்கி வெளிப்புறப் பாட்டை இழுக்கும். ஊசிகள் துருவேறி இறுகிவிட்டமையால் உட்புறமே சுமையைத் தாங்கியது. மிதிகட்டை அமிழ்ந்ததற்குக் காரணம் வேறு. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் மிகக் கொதிநிலை தாழும். பழைய எண்ணெய் அவ்வெப்பத்திற் கொதித்து ஆவியாயிற்று. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஈராண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றியிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது.

இனி, ஒலியைப் பகுத்தறியும் வகை கூறுவேன். காலையிற் புறப்படுங்கால் ஓரிரு முறை உரசிப் பின் அடங்குவது இரவின் ஈரத்தால் டிஸ்க்கிற் படிந்த துரு, அஞ்ச வேண்டா. மிதிக்குங்கால் மட்டும் மெல்லிய கீச்சொலி எழின், பாட் தேய்ந்ததை அறிவிக்கும் சிறு தகடு உரசுகின்றதா எனப் பார்க்கவேண்டும். பாட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் எஞ்சுங்கால் டிஸ்க்கைத் தொடும்படி பல கார்களில் அது அமைந்துள்ளது. அதனைக் கேளாதுவிடின் அடுத்து வருவதே கனத்த அரைப்பொலி. அப்போது வண்டியை ஓட்டலாகாது. மிதியாதபோதும் ஓயாது உரசின், கவசத்தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையிற் சிறுகல் சிக்கியிருக்கலாம். வண்டியைச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்தினால் விழுதலுமுண்டு. வேகத்துடன் உறுமல் பெருகி, வளைவில் ஒரு பக்கம் திரும்புங்கால் மாறின், குற்றம் பிறேக்கிலன்று, சில்லின் பெயாரிங்கிலேயே. வழுக்குந் தரையிற் கடுமையாக மிதிக்குங்கால் ஏபிஎஸ் உள்ள வண்டிகளிற் காலுக்குக் கீழே எழும் துடிப்பும் கரகரப்பும் பழுதல்ல. காலை எடாது அழுத்தியே பிடித்தல் வேண்டும்.

நம் தந்தையர் போற்றிய மொரிஸ் மைனரை மறத்தலாகாது. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட அக்காரின் நாற்சில்லுகளிலும் டிரம் பிறேக்கே உண்டு. பழைய சூக்களில் லைனிங்கை ஆணிகளால் இறுக்குவர். ஆணித்தலைகள் லைனிங்குள் ஆழ்ந்திருக்கும். லைனிங் தேய்ந்து அத்தலைகள் வெளிப்பட்டதும் டிரம்மின் உட்புறத்தில் வளையம் வளையமாகக் கீறல் விழும். விரலால் தடவின் நகம் சிக்கும். ஆழ்ந்த கீறலைக் கடைசலில் நீக்கலாம். ஆயின் டிரம் வரம்புமீறி மெலியின் மாற்றவே வேண்டும். ஒரு பக்கத்தைப் பிரித்துள்ளபோது மறுபக்கத்தைத் தொடாதுவிடின், எந்தச் சுருள்வில் எங்கே மாட்டுவதென்பதற்கு அதுவே படமாகும். பின்னர் இருபக்கத்திலும் ஒருங்கே புதியனவற்றை இடுதல் முறை.

டிரம்மைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதும் வழக்கம் நம் கராச்சுகளில் நெடுங்காலம் இருந்தது, யானும் ஊதியவனே. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அத்தூள் நுரையீரலிற் புற்றுநோய் விளைப்பது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியைப் பையிற் கட்டி அகற்றுக.