ஒன்றரை மீட்டர் துணியில் ஒரு மேற்சட்டை

நம் நாட்டில் வசந்தம் எனத் தனியே ஒரு பருவம் இல்லை. ஆயினும் தோட்டத்தில் வாழ்வோருக்கு அதனையொத்த ஒரு காலம் உண்டு. ஆண்டின் முற்பகுதியில் ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்தளிர் விடுகின்றன. அந்நாள்களில் பால் குறைகிறது. அதனோடு வருமானமும் குறைகிறது. கைக்கு ஓய்வு மட்டும் சற்றுக் கூடுகிறது. அதனை அடுத்துச் சித்திரைப் புத்தாண்டு வருகிறது. பிள்ளைகள் புத்தாடை கேட்கிறார்கள்.

பணம் குறைந்தும் நேரம் மிகுந்தும் இருக்கும் இக்காலத்தில் குடும்ப மாதர் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு பாடத்தை இங்கே தருகிறோம். ஒரே அமைப்பில் வெட்டித் தைத்து, வேலைக்கும் வீட்டிற்கும் கோயிலுக்கும் அணியக்கூடிய மேற்சட்டையே அப்பாடம்.

அம்பாங்கில் ஒரு தாய்

அம்பாங் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தாய் ஒருவரை நாம் அறிவோம். அவர் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு ஆண்டுகள் மரம் சீவியவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்களைப் போலவே அவருடைய தோட்டமும் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, லயத்து வீடும் போயிற்று, வேலையும் போயிற்று. "மரம் சீவுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?" என்று அவர் கலங்கினார். ஆனால் அவர் இளமையில் கற்ற தையல் ஒன்று இருந்தது. பழைய மிதி இயந்திரம் ஒன்றும் இருந்தது.

அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி ஒருவர் பாஜு கூரோங் வெட்டும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் தம் பிள்ளைகளுக்குத் தைத்தார். பின்னர் அண்டை வீட்டாருக்குத் தைத்தார். இன்று நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் அவர் வீட்டு விளக்கு நள்ளிரவு வரை எரிகிறது. பிள்ளைகள் மூவரின் படிப்பும் அந்த வருமானத்தில் நடந்தது. தோட்டம் நிலைத்திருக்கும்போதே ஒரு கைத்தொழிலைக் கற்று வைத்திருப்பது எத்துணை நன்மை என்பதற்கு அவரே சான்று.

கக்கத்தில் கிழிவது ஏன்?

உயரமான வெட்டுப்பட்டையில் சீவுவோர் நாள்தோறும் கையை மேலே தூக்குகிறார்கள். கடையில் வாங்கிய சட்டை முதலில் கிழிவது கக்கத்தில்தான். துணி மட்டமானது என்று நாம் கடைக்காரரைக் குறை கூறுகிறோம். உண்மையில் குறை பெரும்பாலும் வெட்டில் இருக்கிறது. கை தூக்கும்போது துணி விரிந்துகொடுக்க அங்கே இடமில்லை.

பாஜு கூரோங்கில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். கையும் உடலும் சேரும் இடத்தில் சிறு சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். மலாய் மொழியில் அதனைக் கெகெக் என்பர். இடுப்புப் பக்கம் அகன்று செல்லும் பக்கத் துண்டைப் பெசாக் என்பர். வட இந்தியரின் குர்த்தாவிலும் இவ்விரண்டும் உண்டு. ஜப்பானியரின் கிமோனோவும் நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனதே. துணி அரிதாயிருந்த காலத்தில், ஒரு சாணும் வீணாகாமல் வெட்டக் கற்றவர்களின் அறிவு இது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) மலாயாவில் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தியவர்கள் உண்டு என்பதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். துணியின் அருமையை நாம் மறத்தல் ஆகாது.

துணி தேர்தல்

45 அங்குல அகலமுள்ள பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் வாங்குக. அம்பாங்கிலிருந்து இரயிலேறி மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால், மஸ்ஜிட் இந்தியா சாலைத் துணிக்கடைகள் நடக்கும் தொலைவில் உள்ளன. அங்கே மிச்சத் துணிகளையும் கேட்டுப் பாருங்கள். தலைகீழாக வைத்தால் வேறுபடாத சிறு பூ வேலைப்பாடே ஏற்றது. ஏனெனில் இச்சட்டையில் தோளில் வெட்டு இல்லை. முன்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் பூ பின்புறத்தில் தலைகீழாகிவிடும்.

வெட்டுமுன் துணியை நீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுக. அம்பாங் தாய் தொடக்கத்தில் இதனைச் செய்யாது விட்டார். அவர் தைத்துக் கொடுத்த சட்டை முதற்சலவையிலேயே சுருங்கிற்று; துணியின் விலையை அவரே திருப்பித் தர நேர்ந்தது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறத்தாழ 59 அங்குலம். நமக்குத் தேவை 54 அங்குலம், அதாவது ஒன்றரை கெஜம். எஞ்சிய 5 அங்குலம் சுருக்கத்திற்கு இடம் தரும்.

வெட்டும் முறை

இங்கே தரும் அளவு, மார்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவருக்கு உரியது. தைத்த பின் சட்டையின் சுற்றளவு 42 அங்குலமாகும். தையலுக்கென ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் சேர்த்தே அளவுகள் தரப்பட்டுள்ளன.

1. உடல்: துணியின் ஓர் ஓரத்தை ஒட்டி 16 அங்குல அகலம், 54 அங்குல நீளம். இதனை நடுவில் மடித்தால் முன்னும் பின்னும் அமையும், மடிப்பே தோளாகும். இப்போது 29 அங்குல அகலத் துணி எஞ்சும்.

2. பக்கத் துண்டுகள்: எஞ்சிய துணியின் மேற்பகுதியில் 11 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் கொண்ட இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் மேலே இடப்புறமிருந்து 4 அங்குலத்திலும், கீழே இடப்புறமிருந்து 7 அங்குலத்திலும் புள்ளி வைத்து, சாய்கோடிட்டு வெட்டுக. நான்கு துண்டுகள் கிடைக்கும்.

3. கக்கத் துண்டுகள்: அவற்றின் அருகில் எஞ்சும் 7 அங்குலப் பட்டையில் 4 அங்குலச் சதுரங்கள் இரண்டு.

4. கைகள்: கீழ்ப்பகுதியில் 16 அங்குல அகலம், 17 அங்குல நீளத்தில் இரண்டு. இது முக்கால் கை. வேலைச் சட்டைக்கு முழுக்கை வேண்டுமாயின், துணியின் குறுக்குவாட்டில் 23 அங்குல நீளத்தில் வெட்டுக. அதே துணி போதும்.

மார்புச் சுற்றளவு 4 அங்குலம் கூடினால், உடலின் அகலத்தில் 1 அங்குலமும், ஒவ்வொரு பக்கத் துண்டின் அகலத்திலும் கக்கச் சதுரத்திலும் அரை அங்குலமும் கூட்டுக. பக்கத் துண்டின் மேல் அகலமும் கக்கச் சதுரத்தின் அளவும் எப்போதும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இதனை மறந்தால் கக்கம் பொருந்தாது.

தைக்கும் முறை

முதலில் கழுத்து. தோள் மடிப்பின் நடுவில் 5½ அங்குல அகலம், முன்புறம் 3½ அங்குல ஆழம், பின்புறம் முக்கால் அங்குல ஆழத்தில் வட்டமாக வெட்டுக. முன்புறம் 5 அங்குலம் பிளவு விட்டால் தலை எளிதில் நுழையும். பாலூட்டும் தாய்மார் 8 அங்குலம் விடலாம். எஞ்சிய துணியால் உட்பட்டி வைத்துத் தைக்க.

அடுத்து, கையின் 16 அங்குல ஓரத்தின் நடுப்புள்ளியைத் தோள் மடிப்பில் பொருத்தி உடலோடு இணைக்க. இரு முனையிலும் அரை அங்குலம் தைக்காது விடுக. கைக்குக் கீழே, பக்கத் துண்டின் நேரான ஓரத்தை உடலோடு இணைக்க.

கக்கச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒன்றை முன் பக்கத் துண்டின் மேல் ஓரத்தோடும், மற்றதைக் கையின் முன் ஓரத்தோடும் தைக்க. மீதி இரு பக்கங்களையும் பின்புறத்தில் அவ்வாறே தைக்க. மூலையில் அவசரம் கூடாது. ஊசியைத் துணியில் நிறுத்தி வைத்துத் திருப்புக. பின்னர்க் கையின் அடியையும், சட்டையின் பக்கங்களையும் மூடி, கீழ் ஓரம் மடித்துத் தைக்க. இயந்திரம் இல்லாதவர்கள் கையாலேயே கெட்டித் தையல் இடலாம். வேலைச் சட்டைக்கு ஒவ்வோர் இணைப்பிலும் இரட்டைத் தையல் வேண்டும்.

ஒரு வெட்டு, பல பயன்

கருநிறத் துணியில் முழுக்கையோடு தைத்தால் அது பால்வெட்டுச் சட்டை. காய்ந்த ரப்பர் பால் சலவையில் போகாது. ஆகவே பால் பட்டவுடன் குளிர்ந்த நீரில் அலசுதல் வேண்டும். வேலைச் சட்டையைத் தனியே வைத்தலும் நன்று. மெல்லிய பருத்தியில் முக்கால் கையோடு தைத்தால் கைலிக்கு மேல் அணியும் வீட்டுச் சட்டை. கழுத்தோரம் பழைய சேலைக் கரையை வைத்துத் தைத்தால், நீண்ட பாவாடையோடு கோயிலுக்கும் அணியலாம்.

இவ்வெட்டையே முழங்கால் வரை நீட்டி வெள்ளைத் துணியில் தைத்தால், அது பிள்ளையின் பள்ளிச் சீருடை. தொடக்கப்பள்ளிக்குக் கருநீலப் பாவாடையும் இடைநிலைப்பள்ளிக்குப் பச்சை கலந்த நீலப் பாவாடையும் அதனோடு சேரும். கக்கத்திலும் பக்கத்திலும் ஓர் அங்குலம் கூடுதலாக உள்ளே விட்டுத் தைத்தால், பிள்ளை வளரும்போது பிரித்துத் தைக்கலாம்.

முதற்சட்டை கோணலாக அமைந்தால் மனம் தளர வேண்டா. அதனை வேலைக்கு அணிந்து, இரண்டாவதைத் திருந்தத் தையுங்கள். அண்டை வீட்டு மாதர் நால்வர் சேர்ந்து ஓர் இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மரங்கள் மீண்டும் தழைத்து, வெட்டு முழுமையாகத் தொடங்குமுன், உங்கள் கையால் தைத்த சட்டை ஒன்று உங்கள் வீட்டுக் கொடியில் காயட்டும்.