நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஊதா நிற பில் எதைச் சொல்கிறது?

நிலுவை ரிப்போர்ட்டில் சில பில் நம்பர்கள் நீலமாகவும் சில ஊதாவாகவும் இருந்தால், ஊதாவெல்லாம் பணம் வந்துவிட்டவை என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை. அந்த பில்லை இதே பிரவுசரில் முன்பே திறந்து பார்த்தாகிவிட்டது என்பதற்கு மேல் அந்த ஊதாவுக்குப் பொருள் கிடையாது. பக்கத்து மேஜையில் அதே ரிப்போர்ட்டைத் திறந்தால் வேறு பில்கள் ஊதாவாகத் தெரியும். ஊதாவை விட்டுவிட்டு நீலத்துக்கு மட்டும் போன் போட்டால், வர வேண்டிய பணம் வராமலே போகும். இது அற்ப விஷயமல்ல.

கேஷை அழித்தால் நிறம் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. பழைய ஸ்டைல் ஷீட் சிக்கிக்கொண்டிருந்தால் அது உதவும். பார்த்த லிங்க்கின் நிறமோ ஹிஸ்டரியிலிருந்து வருவது.

நேற்றுப் பார்த்த பில் இன்று மறுபடி நீலமானால் சாஃப்ட்வேர் பழுது என்கிறார்கள். முதலில் லிங்க்கின் முகவரியைப் பாருங்கள். பிரவுசர் முழு முகவரியையும் ஒப்பிடுகிறது. அதன் வாலில் செஷன் எண் ஒட்டியிருந்தால், ஒவ்வொரு லாகினிலும் அது புது லிங்க்தான். 2025இல் வந்த குரோம் 136 இன்னொன்றையும் மாற்றியது: எந்தத் தளத்தில், எந்தச் சட்டகத்துக்குள் கிளிக் செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே அது நினைவில் வைக்கிறது. ஆகவே தனி டேபில் திறந்து பார்த்த பில், வேறு தளத்திலுள்ள போர்ட்டலுக்குள் பதித்த ரிப்போர்ட்டில் நீலமாகவே நிற்கலாம். ஹிஸ்டரியை உளவு பார்ப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட.

ரிப்போர்ட் வடிவமைப்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை உண்டு: கட்டத்துக்கு நிறம் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லாமே அந்த நிறமாகும். மைனஸ் தொகை சிவப்பாகட்டும் என்று கட்டத்துக்கு விதி எழுதுவார்கள். தொகையே லிங்க்காக இருந்தால் அது நீலமாகவே நிற்கும். லிங்க்குக்கென்று பிரவுசரே ஒரு விதி வைத்திருக்கிறது. கட்டத்திலிருந்து இறங்கிவரும் நிறம் அதற்கு முன் நிற்காது. லிங்க்குக்கே நேரடியாக விதி எழுத வேண்டும். மவுஸ் வைத்தால் சில லிங்க் மட்டும் நிறம் மாறாவிட்டால் விதிகளின் வரிசையைப் பாருங்கள்: சம பலமுள்ள விதிகளில் பின்னால் வருவதே வெல்லும், அதனால் ஹோவர் விதி, பார்த்த லிங்க்குக்கான விசிட்டட் விதிக்குப் பின்னால் வர வேண்டும். ஸ்கிரிப்ட் வழியாக நிறத்தைக் கேட்டுச் சோதிக்காதீர்கள். 2010இல் மோசில்லாவின் டேவிட் பேரன் முன்வைத்த தீர்வின்படி, பார்த்த லிங்க்கையும் பார்க்காதது போலவே பிரவுசர் ஸ்கிரிப்டுக்குக் காட்டும். கண்ணால் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

வசூல் ரிப்போர்ட்டில் பார்த்த லிங்க், பார்க்காத லிங்க் இரண்டுக்கும் ஒரே நிறத்தை வைத்துவிட்டு, ‘வசூலானது’, ‘நிலுவை’ என்று தனிப் பத்தியில் எழுத்திலேயே காட்டுங்கள். நூற்றுக்கணக்கான பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்கும் ஆடிட் பட்டியலில் மட்டும் ஊதா இருக்கட்டும். எதுவரை பார்த்தோம் என்று அங்கே அதுதான் சொல்லும்.