பார்க்கின்சன் வந்த பிறகும் வேலையில் நிற்க

மடத்துவெளிக் கடைக்காரர், ஆசிரியர், தோட்டம் செய்பவர் எல்லோருக்கும்: நோய் தெரிந்த கையோடு வேலையை விடாதீர்கள்.

1. லெவோடோபா குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுங்கள். மீன், இறைச்சி, பருப்பிலுள்ள புரதம் மருந்து ஏறுவதைத் தடுக்கும். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும்.

2. மருந்து நன்றாகப் பிடிக்கும் நேரத்தில் காசெண்ணுவது, கணக்கெழுதுவது போன்ற கைவேலையை முடியுங்கள்.

3. எழுத்துச் சிறுத்தால் கோடு போட்ட கொப்பி, தடித்த பேனை. கோடு கண்ணில் பட்டால் எழுத்துப் பெருக்கும்.

4. வாசலில் கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், பக்கத்தில் நிற்பவரும் இழுக்கக்கூடாது, விழுந்துவிடுவீர்கள். நின்று, தரையில் ஒரு கோட்டைத் தாண்டுவதுபோல் அடி வையுங்கள்.

5. குறிகட்டுவானில் படகேறுபவர்கள், எழும்பியதும் பிடித்து நின்று பிறகு நடவுங்கள். இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம்.

யாழ்ப்பாணத்துக் கிளினிக் திகதிக்கு முன் குளிசை முடிய விடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.