பாட்டியின் படத்தில் பட்டைகள் விழுந்தது ஏன்?
மிரர்லெஸ் கேமராவைப் பழகுவோம், ஒளியைப் புரிந்துகொள்வோம்

அன்று பள்ளியில் பரிசளிப்பு விழா. புதிதாக வாங்கிய மிரர்லெஸ் கேமராவோடு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடைப் பேச்சுக்கு நடுவே 'கிளிக்' சத்தம் கேட்கக் கூடாது என்று 'ஓசையில்லா ஷட்டர்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். மாணவர்கள் நடந்து வரும்போதும் படம் கலங்காமல் இருக்க வேண்டும் என்று ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வைத்தேன். இரண்டும் நல்ல முடிவுகள் என்றுதான் நினைத்தேன்.

மாலையில் கணினித் திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது திடுக்கிட்டுப் போனேன். ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் இருண்ட பட்டைகள்! ஒரு படத்தில் மாணவி ஒருத்தி தன் பாட்டியுடன் நிற்கிறாள். அந்தப் பாட்டி தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பேத்தி பரிசு வாங்குவதைப் பார்க்கவே முதன்முறையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். ஒரு பட்டை சரியாக அவர் முகத்தின் மேல் விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் அந்த மாணவி ஓடி வந்து, "சார், பாட்டி படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

கேமராவில் எந்தப் பழுதும் இல்லை. அது எப்படிப் பார்க்கிறது என்பதை நான்தான் தெரிந்துகொள்ளவில்லை. மாணவர்களே, புதுக் கேமராவைப் பழகுவது என்றால் அதன் பொத்தான்களை மனப்பாடம் செய்வது மட்டுமன்று. அது ஒளியை எப்படிச் சேர்க்கிறது என்று புரிந்துகொள்வதே முதல் பாடம். உங்கள் கையிலுள்ள கைப்பேசியும் ஆடி இல்லாத கேமராதான். ஆகவே இந்தப் பாடம் உங்கள் எல்லாருக்கும் உரியது.

ஆடி எங்கே போனது?

முன்பு பெரிய கேமராக்களுக்குள் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்வாக ஓர் ஆடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பிவிடும். மேலே உள்ள ஐங்கோணப் பட்டகம் அந்த ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பும். ஒளி நேராகச் சென்று ஃபிலிமில் விழும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் இந்த வகையில் புகழ்பெற்றது. பிற்காலத்தில் ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் வந்தது. ஆடி அப்படியே இருந்தது.

ஆடி எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார்கள். அதே நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆடியில்லா 'இசட்' வகைக் கேமராவில் அந்த இடைவெளி 16 மி.மீ. மட்டுமே. கேமராவின் உடல் மெலிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். லென்ஸ் மாற்றக்கூடிய இத்தகைய கேமராக்களுக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, பானசோனிக் 2008-இல் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1.

ஆடியை எடுத்துவிட்டால் கண்ணுக்குக் காட்சி எப்படி வரும்? சென்சார் இடைவிடாமல் ஒளியை அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவீடு சிறு திரையொன்றில் படமாகத் தெரிகிறது. அதாவது நாம் கண் வைத்துப் பார்ப்பது காட்சியை அன்று, சென்சார் தரும் செய்தியை. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. படம் இருட்டாக வரப்போகிறதா, வெளிறிப் போகப்போகிறதா என்பதை அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இதற்கு விலையும் உண்டு. சென்சாரும் திரையும் எப்போதும் விழித்திருப்பதால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். விழாவுக்குப் போகும்போது இன்னொரு மின்கலத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை வரிசையாகப் படிக்கும் கண்

சென்சார் என்பது மிகச் சிறிய ஒளிக்கிணறுகள் நிறைந்த சிலிக்கான் தகடு. ஒளித்துகள் சிலிக்கானில் விழுந்தால் அங்கே ஓர் எலெக்ட்ரான் விடுபடும். ஒளி கூடக்கூட எலெக்ட்ரான்களும் கூடும். அவற்றை எண்ணினால் அந்த இடத்தின் வெளிச்சம் தெரிந்துவிடும்.

1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய மின்னியல் கேமராவில் 100 × 100, அதாவது 10,000 புள்ளிகள் இருந்தன. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. இன்று 6,000 × 4,000, அதாவது 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட சென்சார் சாதாரணம். அதை ஒரு நொடியில் பல முறை படிக்கிறார்கள்.

ஆனாலும் பெரும்பாலான சென்சார்கள் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை. நாம் புத்தகம் படிப்பதுபோல், மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகக் கீழே இறங்குகின்றன. ஓசையில்லா ஷட்டரில் திறந்து மூடும் திரைகள் இயங்குவதில்லை. இந்த வரிசைப் படிப்பு மட்டுமே நடக்கிறது. 4,000 வரிசைகளையும் படித்து முடிக்க 1/20 நொடி எடுக்கும் ஒரு சென்சாரை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 50 மில்லிநொடி வேறுபாடு. என் தவறு இந்த 50 மில்லிநொடிக்குள்தான் ஒளிந்திருந்தது.

பட்டைக் கணக்கு

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக வருகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக இருமுறை உச்சத்தைத் தொடுகிறது. அதனால் பழைய வகைக் குழல் விளக்குகளும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணும் மூளையும் இவ்வளவு வேகமான மாற்றத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நமக்கு விளக்கு ஒரே சீராக எரிவதாகத் தோன்றும்.

இப்போது கணக்கிடுவோம்.

விளக்கின் ஒரு துடிப்பு = 1/100 நொடி = 10 மில்லிநொடி.
சென்சார் முழுவதையும் படிக்கும் நேரம் = 50 மில்லிநொடி.
படிக்கும் நேரத்துக்குள் வரும் துடிப்புகள் = 50 ÷ 10 = 5.

நான் வைத்த 1/500 நொடி என்பது 2 மில்லிநொடி. ஒவ்வொரு வரிசையும் 2 மில்லிநொடி மட்டுமே ஒளி சேர்த்தது. விளக்கு உச்சத்தில் இருந்தபோது சேர்த்த வரிசைகள் பளிச்சென்று வந்தன. மங்கியபோது சேர்த்தவை இருண்டன. ஐந்து துடிப்பு, ஐந்து பட்டை.

தீர்வும் இதே கணக்கில் இருக்கிறது. ஷட்டர் வேகம் 1/100 நொடி என்றால் ஒவ்வொரு வரிசையும் 10 மில்லிநொடி ஒளி சேர்க்கும். எந்தக் கணத்தில் தொடங்கினாலும் ஒரு முழுத் துடிப்பு அதற்குள் அடங்கிவிடும். எல்லா வரிசைக்கும் சம பங்கு, பட்டை மறைந்துவிடும். 1/50 நொடியில் இரண்டு முழுத் துடிப்புகள் அடங்கும், அதுவும் சரியே. 1/60 நொடி எப்படி? 16.7 மில்லிநொடியில் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். பங்கு சமமாகாது, மெல்லிய பட்டைகள் தெரியலாம்.

இன்னொரு வழி, திரைகள் இயங்கும் இயந்திர ஷட்டருக்கு மாறுவது. அந்தத் திரைகள் சில மில்லிநொடிகளிலேயே சென்சாரைக் கடந்துவிடுவதால் இத்தனை பட்டைகள் விழ வாய்ப்பில்லை. ஆனால் குறுகிய ஷட்டர் நேரத்தில் ஒரு படம் சற்று வெளிச்சமாகவும் அடுத்தது சற்று மங்கலாகவும் வரக்கூடும். மேடை அலங்கார எல்இடிகள் சில வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு 1/100 போதாமல் போகலாம். ஆகவே விழா தொடங்கும் முன் ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். நான் செய்யத் தவறியது இந்த அரை நிமிட வேலைதான்.

குகைக்குள் ஒரு பயிற்சி

கேமராவைப் பழக எங்கள் குனோங் ராபாட்டில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது: கெக் லோக் தோங் குகைக் கோயில். சுண்ணாம்புக்கல் மலைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தோட்டத்துக்கு வெளியேறலாம். சில நிமிட நடையில் கடும் வெயில், அரையிருட்டு, மீண்டும் வெயில் என மூன்று உலகங்களைப் பார்த்துவிடுவோம்.

வெயிலில் தோட்டத்தை எடுக்க எஃப்/5.6 துளை, 1/800 நொடி, ஐஎஸ்ஓ 100 சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குகைக்குள் ஓர் இடத்தில் வெளிச்சம் அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். இரண்டை 10 முறை பெருக்கினால் 1,024. ஆக, 10 படி ஈடுகட்ட வேண்டும். எங்கிருந்து எடுப்பது?

முதலில் துளை. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/4 என்றால் துளையின் விட்டம் 50 ÷ 4 = 12.5 மி.மீ.; எஃப்/2 என்றால் 25 மி.மீ. விட்டம் இரு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும். அதேபோல் எஃப்/5.6-லிருந்து எஃப்/2.8-க்குத் திறந்தால் 4 மடங்கு ஒளி கிடைக்கும். இது 2 படி. ஆனால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். முன்னால் உள்ள சிலை தெளிவாக இருக்க, பின்னால் உள்ளவை மங்கும்.

அடுத்து ஷட்டர். 1/800-லிருந்து 1/50-க்கு வந்தால் 16 மடங்கு, 4 படி. சிலைகள் அசையாது, கவலையில்லை. ஆனால் நடந்து போகிறவர் கலங்கித் தெரிவார். நம் கை நடுங்கினால் எல்லாமே கலங்கும்.

மீதம் 4 படி. ஐஎஸ்ஓவை 100-லிருந்து 1600-க்கு ஏற்றினால் அதுவும் 16 மடங்கு. 4 × 16 × 16 = 1,024. கணக்கு சரி. ஒன்றை மறக்காதீர்கள்: ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் சென்சாரில் விழும் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சிறு சமிக்ஞை பெரிதாக்கிக் காட்டப்படுகிறது. தூரத்தில் ஒலிக்கும் வானொலியின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுமே, அதுபோலத்தான். நிழல் பகுதிகளில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும்.

கடைசியாக, குகை வாசலில் நண்பரை நிறுத்தி உள்ளிருந்து எடுங்கள். பின்னால் வெயில் என்பதால் முகம் கறுத்துப் போகும். கேமராவின் தானியங்கி அளவீட்டுக்கு உங்களுக்கு வேண்டியது நண்பரின் முகமா, வெளியே தெரியும் மரங்களா என்று தெரியாது. பிளஸ், மைனஸ் குறியுள்ள சக்கரத்தைப் பிளஸ் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். திரையிலேயே முகம் வெளிச்சமாகும், மரங்கள் வெளிறும். எது முக்கியம் என்று முடிவு செய்வது உங்கள் வேலை. ஆனால் திரை ஒன்றை மட்டும் சரியாக முன்காட்டாது: ஆள் அசைந்து படம் கலங்குவதை. அதற்கு ஷட்டர் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கவனம் தேவை

சூரியனை நோக்கித் தொலைநோக்கு லென்ஸைத் திருப்பாதீர்கள். ஆடியுள்ள கேமராவில் அது கண்ணையே கெடுக்கும். ஆடியில்லாக் கேமராவில் நாம் பார்ப்பது திரையை என்றாலும், குவிந்த வெயில் சென்சாரைப் பொசுக்கிவிடலாம். மேடையில் சுழலும் லேசர் கதிரும் அப்படித்தான்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். ஆடி என்ற மறைப்பு இல்லாததால் தூசி எளிதில் சென்சாரில் ஒட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த லென்ஸின் மேல் துளியாகப் படியும். கேமராவை நெகிழிப் பையில் இறுக மூடி, வெளிவெப்பத்துக்கு வந்த பிறகு எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சைகூட வளரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. கைப்பேசிக் கேமராவில் 'புரோ' அமைப்பு இருந்தால், வீட்டு விளக்கொளியில் வெண்சுவரை 1/1000, 1/100, 1/60, 1/50 நொடிகளில் எடுங்கள். எதில் பட்டை தெரிகிறது? எந்த விளக்கில் தெரியவில்லை?

2. சுழலும் கூரை மின்விசிறியை 1/1000 நொடியில் எடுங்கள். இறக்கை வளைந்து தெரிகிறதா? விசிறி நிமிடத்துக்கு 300 முறை சுற்றினால், 1/20 நொடியில் எத்தனை பாகை திரும்பும்? (விடை: 90 பாகை)

3. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பட்டை விழாமல் இருக்க எந்த ஷட்டர் வேகங்களைத் தேர்ந்தெடுப்பீர்கள்? (விடை: 1/120, 1/60)

அந்த மேடைத் தருணம் இனித் திரும்பாது. அடுத்த சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். பாட்டி வாசலில், குழல் விளக்கின் கீழ், பேத்தியின் பரிசுக் கோப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். 1/100 நொடி. ஒரு படம் எடுத்தேன்; பெரிதாக்கிப் பார்த்தேன்; பட்டை இல்லை. பிறகு கேமராவை மாணவியிடம் கொடுத்து, "இப்ப நீ எடும்மா" என்றேன். பாட்டி அப்போதுதான் சிரித்தார்.