அரை ஷிப்டுக்கு எவ்வளவு கூலி?

 

காலை எட்டரைக்கு கம்பெனிக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் அவசரம் என்றால் இன்னும் நான்கு மணி நேரம். நம் திருப்பூரில் இதற்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பெயர். சனிக்கிழமை சம்பளத்தில் அந்த நான்கு மணி நேரத்துக்குப் பல இடங்களில் அரை ஷிப்ட் கூலியே வருகிறது. பாதி நேரத்துக்குப் பாதிக் கூலி, சரிதானே என்று வாங்கிக்கொள்கிறோம். சட்டப்படி அது சரியல்ல.

நாளுக்கு 9 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும், ஓவர்டைம் கூலி இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆறு நாளும் முழு ஷிப்ட் பார்த்தாலே 48 மணி நேரம் ஆகிவிடும்.

ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 300 அல்ல, 600 ரூபாய் தர வேண்டும். வாரத்தில் ஐந்து இரவு என்றால் 1,500 ரூபாய் குறைகிறது. ஒரு வீட்டின் மளிகைக் காசு அது.

செய்ய வேண்டியவை:

1. வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை மூன்றையும் தினமும் நோட்டில் எழுதுங்கள்.

2. மூன்று ஆண்டுகளுக்குள் கூலிப் பாக்கியைக் கேட்டு மனு செய்யலாம். கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியே.

3. தனியாகப் போகாதீர்கள். 2014இல் நிறைவேறிய, முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றியது. தனியார் கம்பெனியில் நமக்கு அது துணைக்கு வராது. உங்களுக்காகத் தொழிற்சங்கமே மனு செய்ய முடியும்.

நம் ஜமாஅத்தில் தைப்பவர்களும் உண்டு, பவர் டேபிள் போட்டு ஆள் வைத்திருப்பவர்களும் உண்டு. பின்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊதியச் சட்டத் தொகுப்பு சிறிய யூனிட்டுக்கும் பொருந்தும். அளவையில் குறைத்ததற்காக ஷுஐப் (அலை) அவர்களின் சமூகம் கண்டிக்கப்பட்டதை அறிவோம். அடுத்தவர் உழைத்த நேரத்தைக் குறைத்து எண்ணுவதும் அளவை மோசடிதான். ரேட் கட்டுப்படியாகவில்லை என்றால் ஆர்டர் கொடுப்பவரிடம் பேசுங்கள். தைப்பவரின் கூலியில் கை வைக்காதீர்கள். கூலி ஓர் அமானத்.

அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி பரக்கத் செய்வானாக! ஆமீன்.