ஊர் நிலமும் வாக்காளர் சம்மதமும்

பூர்விக வீட்டை விற்பதானால் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஊருக்குச் சொந்தமான நிலத்தை விற்பதானால் யாருடைய சம்மதத்தைக் கேட்பது? தேர்ந்தெடுக்கப்பட்ட சபையார் தீர்மானம் நிறைவேற்றினால் போதும் என்று பலர் கூறுவர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஸான் டியாகோ நகரத்தார் இதை முழுவதும் ஏற்கவில்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளை ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர் அறிந்துகொள்வது நலம்.

ஸான் டியாகோ முதலில் ஸ்பானியரும் பின்னர் மெக்ஸிகோ நாட்டாரும் ஆண்ட ஊர். அக்காலத்திலேயே ஊருக்கெனப் பொது நிலம் உண்டு. நம் மந்தைவெளியைப் போன்றது எனலாம். ஆனால் பரப்பு மிகப் பெரிது. அமெரிக்கர் ஆட்சி வந்தபின், 1874-இல், சுமார் 47,000 ஏக்கர் நகரத்தின் உடைமையென உறுதி செய்யப்பட்டது. எனினும் அதில் பெரும்பகுதி சிறிது சிறிதாகத் தனியார் கைக்குப் போய்விட்டது. 1868-இலேயே பூங்காவுக்கென 1,400 ஏக்கரை ஒதுக்கி வைத்தவர்களின் முன்யோசனையை நாம் பாராட்டவேண்டும்.

நகரத்தின் சாசனம் 1931-இல் ஏற்பட்டது. ஸான் டியாகோ ஆற்றுக்கு வடக்கே எஞ்சியுள்ள பழைய ஊர்ப்பொது நிலத்தை விற்கவோ, 15 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ நகரசபையின் சட்டம் மட்டும் போதாது. வாக்காளர்களும் அதற்கு ஒப்புதல் அளிக்கவேண்டும் என்பது அச்சாசனத்தின் விதி. இங்கே குத்தகையையும் சேர்த்திருப்பதைக் கவனிக்கவேண்டும். நகரசபை அங்கத்தினரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. அவர்கள் இன்று 99 ஆண்டுக் குத்தகை எழுதிக் கொடுத்தால், இன்னும் பிறவாத தலைமுறையையும் அது கட்டுப்படுத்தும். பெயரளவில் குத்தகையாயினும் பயனளவில் அது விற்பனையே. விற்பனையை மட்டும் தடுத்துக் குத்தகையை விட்டுவிடும் விதி, முன்வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பது போன்றதாகும்.

வாக்காளரைக் கேட்டால் எதற்கும் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம் வேண்டுவதில்லை. 1956-இல் சுமார் 1,000 ஏக்கர் பைன்மரக் காட்டைப் பாதுகாப்பதற்காக மாநில அரசுக்கு அளிக்க அவர்கள் இசைந்தார்கள். இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பூசி கண்ட டாக்டர் ஜோனஸ் ஸால்க் ஆராய்ச்சி நிலையம் அமைப்பதற்காக, கடலை நோக்கிய 27 ஏக்கரை 1960-இல் பெருவாரியான வாக்குகளால் இனாமாகவே வழங்கினார்கள்.

நகருக்குச் சொந்தமான பிற நிலங்களிலும், ஒரே தொடர்ச்சியாக 80 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ளதை விற்பதற்குப் பொதுவாக வாக்காளர் ஒப்புதல் தேவை. அளவு குறித்து எழுதப்படும் எந்த விதிக்கும் உள்ள பலவீனம் இதற்கும் உண்டு. 2017-இல் தொழில்முறைக் கால்பந்துக் குழு ஒன்று நகரை விட்டுப் போகவே, அதன் விளையாட்டரங்கம் இருந்த பெருவெளி கைமாறும் நிலைக்கு வந்தது. முதலீட்டாளர் குழு ஒன்று அதை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டது, அதனுள் 79.9 ஏக்கர் வரை விலைக்கு வாங்கும் உரிமையையும் கோரியது. அந்த எண்ணைப் படிக்கும் வாசகர் புன்னகை செய்யாமல் இரார்.

இந்தத் திட்டமும், அதற்குப் போட்டியாக அந்நிலத்தை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நியாயமான சந்தை விலையில் விற்கவேண்டும் என்ற திட்டமும், குடிமக்களின் மனுக்கள் வாயிலாக 2018 நவம்பரில் வாக்குச்சீட்டில் இடம்பெற்றன. முதலாவது தோற்றது, இரண்டாவது வென்றது. ஆனால் வாக்காளர் சம்மதித்த மறுநாளே பத்திரம் பதிவாகிவிடவில்லை. விலையையும் நிபந்தனைகளையும் பேசி முடிக்கும் பொறுப்பு நகரசபையிடமே இருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பேச்சுக்குப் பின், 2020-இல், எட்டரைக் கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்கு அந்த நிலம் கைமாறியது.